சிங்கப்பூரா, ஒரத்தநாடா? முதலில் எந்தப் பாஸ் என்று சொல்

போன வாரம் அக்கா மகன் வந்திருந்தான். ஐ.டி.ஐ. முடித்து ஒரு வருஷம் ஆகிறது. திண்ணையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டான்: "மாமா, சிங்கப்பூர் போகலாமா, இங்கயே கெடக்கலாமா? ரெண்டையும் பாத்தவரு நீங்க. எது நல்ல வாழ்க்கை?"

2011 முதல் 2022 வரை அங்கே இருந்தேன். ஏழு வருஷம் ஒர்க் பெர்மிட் (கூலி வேலைக்கான அனுமதி அட்டை), நாலு வருஷம் எஸ் பாஸ் (அதற்கு ஒரு படி மேலே). இப்போது ஒரத்தநாட்டுப் பக்கம் நாலு ஏக்கரும் ஒரு ஹார்டுவேர் கடையும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருத்தராவது போய் வந்திருப்பதால் ஆளுக்கொரு சிங்கப்பூர் சொல்வார்கள். யாரும் பொய் சொல்வதில்லை. அந்த ஊரே கையில் இருக்கிற அட்டைக்குத் தகுந்த மாதிரி மாறும்.

பெர்மிட்காரன் பார்க்கிற சிங்கப்பூரைச் சொல்கிறேன். ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர், இரண்டடுக்குக் கட்டில், வேட்டியைக் கிழித்துக் கட்டிய திரை. அந்தத் திரைக்குள் இருப்பதுதான் உன் வீடு. காலை ஐந்து மணிக்கு கேட்டரிங் பொட்டலம் வந்துவிடும், மதியச் சாப்பாடும் சேர்த்தே. பன்னிரண்டு மணி வெயிலில் பிரித்தால் சாம்பார் நுரைத்திருக்கும். முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, சோற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஊறுகாயோடு சாப்பிட்ட நாட்கள் எனக்கு எண்ணிக்கையில் இல்லை. டெல்டாக்காரன் சோற்றைக் கழுவித் தின்றான் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள்.

பெர்மிட்டில் மனைவி மக்களைக் கூட்டிப் போக முடியாது. ஏழு வருஷத்தில் ஐந்து முறை லீவில் வந்தேன். கூட்டிப் பார்த்தால் 190 நாள்.

சரி, காசு? எனக்கு அடிப்படை நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அப்போது ஒரு வெள்ளி 40 ரூபாய்க்குப் பக்கம், இன்று 60-ஐத் தாண்டிவிட்டது. இன்றைய கணக்கில் பார்த்தாலும் அந்த 18 வெள்ளி, எங்கள் பக்கம் கொத்தனார் ஒரு நாளைக்கு வாங்கும் கூலியை ஒட்டித்தான் வரும். ஓட்டி, அதாவது ஓவர்டைம்தான் ஆளைத் தூக்கி நிறுத்தும். அதற்கு ஒன்றரை மடங்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டுமானத் தொழிலாளி ஒருத்தருக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவி 2024 ஜனவரி முதல் மாதம் 500 வெள்ளி, திறன் தரம் உயராதவருக்கு 900. என் பழைய அடிப்படைச் சம்பளத்தை மாதத்துக்குப் போட்டால் 500-கூட வராது. ஆளைவிட ஆளுக்கான வரி பெரிசு.

பிறகு ஏன் போகிறார்கள் என்றால், ஊரில் சம்பாதிக்கும் ஆயிரம் ஊரிலேயே கரையும். மொய், காதுகுத்து, டீக்கடை, பங்காளி கேட்ட கைமாற்று. அங்கே செலவழிக்க நேரமே கிடையாது. பணம் மொத்தமாய் ஊர் வந்து சேரும். நான் கட்டிய வீடு சிங்கப்பூர்ச் சம்பளத்தில் வந்தது என்பதைவிட, பதினோரு வருஷம் மொய் எழுதாமல் தப்பித்ததில் வந்தது என்று சொல்லலாம். (இப்போது வட்டியோடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

அதே தீவில் என் கும்பகோணத்து நண்பர் இருக்கிறார். கணினி வேலை, எம்ப்ளாய்மென்ட் பாஸ் (படித்து நல்ல சம்பளம் வாங்குபவர்களுக்கானது). வீவக (அரசாங்க வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடியில் வாடகைக்குக் குடும்பத்தோடு இருக்கிறார். கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கடை, கிளினிக், எம்.ஆர்.டி. ரயில். அவர் மனைவி இரவு பதினொரு மணிக்குத் தனியாக ரயிலில் வருவார். எங்கள் ஊரில் எட்டு மணிக்கு மேல் பஸ் ஸ்டாப்புக்கு யாராவது வண்டி எடுத்துப் போக வேண்டும். ஆனால் அவருக்கும் ஒரு குறை: 2021 மே முதல் குடும்ப பாஸில் இருப்பவர்கள் வேலை செய்யத் தனியாக பாஸ் வாங்க வேண்டும். எம்.எஸ்.சி. படித்த அந்த அம்மா வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். இன்னொன்றும் உண்டு. எம்ப்ளாய்மென்ட் பாஸ் 2025 கணக்குப்படி மாதம் 5,600 வெள்ளிச் சம்பளத்திலிருந்து கிடைக்கும். குடும்பத்தைக் கூட்டிவர 6,000 வேண்டும். இடையில் மாட்டிக்கொண்டால் படித்த பிரம்மச்சாரிதான்.

மருத்துவத்தில் நான் ஊர்ப் பக்கம்தான். பெர்மிட்காரனுக்கு முதலாளி வருஷத்துக்கு 60,000 வெள்ளிக்காவது காப்பீடு எடுக்க வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. நல்லதுதான். ஆனால் விரல் நசுங்கினால் சூப்பர்வைசரிடம் சொல்லவே யோசிப்போம். வேலை போனால் பாஸும் போகும். இங்கே அப்பா வரப்பில் விழுந்தபோது 108 வந்தது, தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் இடுப்புக்குத் தகடு வைத்தார்கள். வார்டில் தரையில் பாய் போட்டுப் படுத்தேன். யாரும் பாஸ் கேட்கவில்லை.

லஞ்சத்தில் சிங்கப்பூர் பக்கம். பதினோரு வருஷத்தில் எந்த அலுவலகத்திலும் ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்ததில்லை. இங்கே அறுவடை முடிந்து ஒரு கொள்முதல் நிலைய வாசலில் ஒன்பது நாள் கிடந்தேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ராத்திரிப் பனி விழுந்தால் அதுவே 19. தார்ப்பாயைப் போர்த்துவதும் பிரிப்பதுமாய் இருந்து, கடைசியில் மூட்டைக்கு இவ்வளவு என்று கொடுத்துத்தான் நெல்லைப் போட்டேன்.

தண்ணீரை நினைத்தால்தான் வயிறு எரியும். இரண்டு ஊருக்கும் அடுத்தவன் நிலத்துத் தண்ணீர்தான். சிங்கப்பூரில் 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜோகூரிலிருந்து எடுக்கிறார்கள். 2061-இல் அது முடிகிறது. முடிவதற்கு இத்தனை வருஷம் முன்பே கழிவுநீரைச் சுத்திகரித்து, கடல்நீரைக் குடிநீராக்கி, மழையைத் தேக்கி வைத்துவிட்டார்கள். குழாயில் அப்படியே குடிக்கலாம். நமக்கு 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் காவிரித் தண்ணீர் 177.25 டி.எம்.சி. காகிதத்தில் இருக்கிறது. ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் 2024-இல் ஜூலை 28-இல் திறந்தது. அந்த வருஷம் எனக்குக் குறுவை கிடையாது.

மொழியும் சாதியும் பற்றிச் சுருக்கமாக. தமிழ் அங்கே ஆட்சிமொழி. அங்கே வரும் தமிழ் முரசு நாளிதழை 1935-இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி நம் திருவாரூர்க்காரர். வீவக புளோக்கில் எந்த இனத்துக்கு எத்தனை வீடு என்று 1989 முதல் கணக்கு வைத்துக் கலந்து குடிவைக்கிறார்கள். இங்கே தெருப் பெயரைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

அக்கா மகனுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெர்மிட்டில் போனால் எட்டு வருஷம், அதற்கு மேல் ஒரு நாள் வேண்டாம். டெஸ்ட் (தொழில் திறன் தேர்வு) அடித்துவிட்டுப் போ. ஏஜென்டுக்கு நிலத்தை அடகு வைக்காதே. கல்யாணம் முதல் ஐந்து வருஷத்துக்கு வேண்டாம். 6,000 வெள்ளி வேலை கிடைத்தால் இந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்றைக்கே கிளம்பு.

படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "டெஸ்ட் வெல்டிங்ல அடிக்கவா, பைப் ஃபிட்டிங்லயா மாமா?"

பைப் ஃபிட்டிங் என்றேன். வெல்டிங்கில் கண் போகிறது.