ரோல் பார் என்று சொல்லி அலங்காரக் குழாயை மாட்டி அனுப்பிய பட்டறை: மியாட்டா வைத்திருப்பவர்கள் அவசியம் படிக்கவும்

கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் மாஸ்டா மியாட்டா மாதிரி கன்வர்டிபிள் (கூரை திறக்கிற கார்) வாங்கி, சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கிற ட்ராக் டேக்கு ஓட்டிக்கொண்டு போகிற நம்மவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். ரோல் பார் என்பது கார் கவிழ்ந்தால் தலை நசுங்காமல் காக்க இருக்கைக்குப் பின்னால் போடுகிற எஃகுக் குழாய்ச் சட்டம். "ரோல் பார் போட்டாச்சு, ட்ராக்குக்கு ரெடி" என்று ஒரு பட்டறை சொன்னால் அந்தப் பேச்சை மட்டும் நம்பி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். என்னிடம் கிட்டத்தட்ட 2,000 டாலர் வாங்கிக்கொண்டு பொருத்திக் கொடுத்தது, கார் கவிழ்ந்தால் முதலில் நசுங்கப்போகிற ஓர் அலங்காரக் குழாய். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் குழாயிலேயே தோள் பெல்ட்டையும் கட்டி அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என்னுடையது 1995 மாடல், முதல் தலைமுறை மியாட்டா. ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, பழைய கார், சாலையில் ஓட்ட அவ்வளவு சுகம். ஆனால் தலைக்கு மேல் ஒன்றும் கிடையாது, துணிக்கூரை மட்டும்தான். ட்ராக் டே நடத்துகிற கிளப்புகள் பெரும்பாலும் ரோல் பார் இல்லாத இந்தக் காரை உள்ளேயே விடாது. அதனால் வேலையைக் கொடுப்பதற்கு முன்பே பட்டறைக்கு மின்னஞ்சலில் தெளிவாகக் கேட்டேன்: கிளப்பின் விதிப் பக்கத்தை இணைத்து, என் உயரத்தையும் எழுதி, இதற்கு ஏற்ற ரோல் பார், ஹார்னஸ் (தோளையும் இடுப்பையும் சேர்த்துக் கட்டுகிற பந்தய பெல்ட்) இரண்டும் வேண்டும், ட்ராக்கில் விடுவதற்கு முன் வண்டியைச் சோதிக்கிற டெக் இன்ஸ்பெக்‌ஷனில் பாஸ் ஆகுமா என்று. "நிச்சயம் ஆகும், இந்தக் காருக்கு நாங்கள் நிறையப் போட்டிருக்கிறோம்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. வண்டியை எடுக்கும்போது கொடுத்த ரசீதில் ரோல் பார், நான்கு முனை ஹார்னஸ், பொருத்துக்கூலி, அப்புறம் "புரூம்ஸ்டிக் டெஸ்ட் – பாஸ்" என்று ஒரு டிக். அந்த டிக்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வில்லோஸ் பக்கம் இருக்கிற தண்டர்ஹில் ட்ராக்கில், காலையில் டெக் வரிசையில் நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டியைப் பார்க்க வந்தவர் வயதான மனிதர், அதட்டலே இல்லாமல் பேசினார். பாரைக் கையால் பிடித்து ஒருமுறை அசைத்தார், குனிந்து காலடியைப் பார்த்தார், ஹார்னஸ் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றச் சொன்னார். அந்தத் துளை வழியாகக் குழாயின் சுவர் தெரிந்தது. காலிப்பர் (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளந்தார், 0.065 இஞ்ச். "தம்பி, இதை நம்பி உன்னை உள்ளே அனுப்ப மாட்டேன்" என்கிற தொனியில் தலையை ஆட்டிவிட்டு, ஏன் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். அன்றைக்கு அவர் பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு அமெரிக்கக் கார் பந்தய கிளப்பான எஸ்.சி.சி.ஏ.வின் விதிப் புத்தகத்தை உட்கார்ந்து படித்ததையும் வைத்துத்தான் கீழே எழுதுகிறேன்.

முதலில் குழாய். மியாட்டாவுக்கென்று ஒழுங்காகச் செய்து விற்கிற பார்களில் வழக்கமான அளவு 1.75 இஞ்ச் விட்டம், 0.120 இஞ்ச் சுவர்த் தடிமன், அதுவும் டி.ஓ.எம். என்று சொல்கிற, இழுத்து உருவாக்கிய எஃகுக் குழாய். எனக்குப் போட்டது தடிமனில் ஏறக்குறைய அதில் பாதி. வெளியே கறுப்புப் பெயிண்ட் அடித்து, மேலே நுரை சுற்றிவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. இதனால்தான் பந்தய விதிகளில் குழாயில் 3/16 இஞ்ச் அளவில் ஒரு சின்னத் துளை போட்டிருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள், தடிமனை அளப்பதற்கென்றே. தயாரிப்பாளர் யார், குழாய் எந்த அளவு, எந்த வகை எஃகு என்று கேளுங்கள். "ஹெவி ட்யூட்டி" என்பது பதில் ஆகாது, எண் வேண்டும்.

அடுத்தது வடிவம். எனக்குப் போட்டதில் இரண்டு இருக்கைக்கும் பின்னால் ஒவ்வொரு வளையம், நடுவில் ஒரு குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். பார்க்க அழகாக இருக்கும், ஸ்டைல் பார் என்ற பெயரில் விற்கிற சாமான் இது. உண்மையான ரோல் பாரில் காரின் அகலத்துக்கு ஒரே தொடர்ச்சியான வளைவு இருக்கும், அதன் ஒரு மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்கு ஒரு மூலைவிட்டக் குழாய் போகும், பின்பக்கம் இரண்டு தாங்கு கால்கள் சாய்வாக இறங்கும். கார் நேராகத் தலைகீழாய் விழுவது அபூர்வம். பக்கவாட்டில் சறுக்கிப் போய், ஓரத்து மண்ணில் சக்கரம் புதைந்து, இடறி உருளும். அப்போது பாரின் ஒரு மூலையில் பக்கவாட்டாகத்தான் பளு விழுகிறது. மூலைவிட்டம் இல்லாத சட்டம் தீப்பெட்டியை விரலால் அழுத்தினால் சாய்வது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிடும். பின்கால்கள் செங்குத்துக்கு 30 டிகிரிக்குக் குறையாமல் சாய்ந்திருக்க வேண்டும் என்கிற விதியும் இதே காரணத்துக்காகத்தான், முன்பின்னாகப் பார் மடங்கக் கூடாது.

வடிவம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஃபார்முலா 1 பந்தயத்தின் முதல் திருப்பத்திலேயே சோ குவான்யூவின் கார் கவிழ்ந்து, தலைக்குப் பின்னால் இருந்த ரோல் ஹூப் (அந்தக் காரின் ரோல் பார்) தரையில் மோதிச் சிதைந்து போனது. அத்தனை சோதனை தாண்டி வந்த கார் அது. ஹாலோ என்கிற, ஓட்டுநரின் தலையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையம் இருந்ததால் அவர் எழுந்து வந்தார். அடுத்த ஆண்டுக்கே உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. விதியை மாற்றியது, ஹூப்பின் மேல்பகுதி தரையில் குத்தி இறங்காதபடி வளைவாக இருக்க வேண்டும், சோதனையும் கடுமையாக வேண்டும் என்று. நம் மியாட்டாவில் ஹாலோ கிடையாது, அந்த ஒற்றைக் குழாய்தான் எல்லாமே.

காலடி விஷயம் இன்னும் மோசம். பாரின் கால்களை இருக்கைக்குப் பின்னால் உள்ள தகரத் தளத்தில் துளை போட்டு, அடியில் வெறும் வட்ட வாஷர் வைத்து நட் முடுக்கியிருந்தார்கள். கவிழ்ந்தால் அந்த வாஷர் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், பார் அப்படியே கீழே இறங்கும். எஸ்.சி.சி.ஏ. விதி சொல்வது என்ன தெரியுமா? போல்ட்டில் பொருத்தினால் காலடித் தகடு 3/16 இஞ்ச் தடிமன், தகரத்துக்கு அந்தப் பக்கம் அதே அளவு, அதே தடிமனில் இன்னொரு தகடு, இரண்டையும் சேர்த்துக் குறைந்தது மூன்று போல்ட், அதுவும் கிரேடு 5-க்குக் குறையாமல். போல்ட் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8. என் காரில் இருந்த போல்ட் தலைகள் மொட்டையாக இருந்தன. கைபேசி டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் தேவையில்லை.

இப்போது அந்த ஹார்னஸ். சாதாரண சீட் பெல்ட் போட்டிருக்கும்போது கார் கவிழ்ந்து மேலே நசுங்கினால், உடம்பு ஓரளவு பக்கவாட்டில் சரிய இடம் இருக்கிறது. ஹார்னஸ் போட்டால் இருக்கையோடு நிமிர்த்திக் கட்டிவிடும், எங்கும் குனிய முடியாது. பலமான பார் இருந்தால் அது பாதுகாப்பு. பார் நசுங்கினால் முழுப் பளுவும் கழுத்திலும் முதுகெலும்பிலும்தான் இறங்கும். அதனால்தான் திறந்த காரில் ரோல் பார் இல்லாமல் ஹார்னஸ் போடக் கூடாது என்று அனுபவசாலிகள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எனக்கோ பொம்மைப் பாரும் உண்மை ஹார்னஸும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்! அதுவும் தோள் பட்டைகளை மாட்ட அந்த மெல்லிய குழாயையே துளைத்து. இருந்த கொஞ்சப் பலத்தையும் அந்தத் துளை எடுத்துவிட்டது. நான்கு முனை ஹார்னஸில் தொடைக்கு நடுவே வரும் பட்டை கிடையாது என்பதால், நேராக மோதினால் இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி உடம்பு அடியில் வழுக்கிப் போகும் ஆபத்து தனி. ஆறு முனை வாங்குங்கள், தேதி முடியாததாகப் பார்த்து வாங்குங்கள். எஸ்.எஃப்.ஐ. என்கிற பந்தயப் பாதுகாப்புத் தர அமைப்பின் 16.1 முத்திரை உள்ளவை இரண்டு ஆண்டுதான் செல்லும்.

அந்த டிக்குக்கு வருகிறேன். புரூம்ஸ்டிக் டெஸ்ட் என்பது ரொம்ப எளிது: ரோல் பாரின் உச்சியிலிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நேரான கட்டையை வைக்க வேண்டும், ஓட்டுநரின் ஹெல்மெட் அதற்குக் கீழே இருக்க வேண்டும், 2 இஞ்ச் இடைவெளி வேண்டும் என்று கேட்கும் கிளப்புகளும் உண்டு. இதைச் செய்ய ஓட்டுநர் வேண்டும், அவர் ஹெல்மெட் வேண்டும், பெல்ட் கட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். என் காரில் நான் உட்காராமலே பாஸ் என்று டிக் போட்டிருக்கிறார்கள். தண்டர்ஹில்லில் உட்கார்ந்தபோது கட்டை என் ஹெல்மெட்டில் இடித்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் உயரமானவர்களுக்கு முதல் தலைமுறை மியாட்டாவில் இது பெரிய தலைவலி. இருக்கையின் நுரையை வெட்டி எடுப்பார்கள், இல்லையென்றால் தரையோடு ஒட்டி வைக்கிற பக்கெட் சீட் போடுவார்கள். உயரத்தை எழுதிக் கொடுத்த வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டிய விஷயமே இதுதான்.

திரும்பப் போய்க் கேட்டபோது பட்டறைக்காரரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முதலில் "இன்ஸ்பெக்டர் ரொம்ப ஸ்டிரிக்ட்" என்றார். அப்புறம் முன் கண்ணாடிச் சட்டமே தாங்கும், அரசாங்கச் சோதனை எல்லாம் முடித்து வந்த கார்தானே என்றார். கடைசியில் இன்னொரு 1,500 டாலர் கொடுத்தால் ஹார்ட்டாப் (கழற்றி மாட்டுகிற கெட்டிக் கூரை) ஒன்று போட்டுத் தருகிறேன், எல்லாம் சரியாகிவிடும் என்றார். மூன்றும் தவறு. அமெரிக்காவில் கூரை நசுங்காமல் இருக்க வேண்டும் என்கிற கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி, எண் 216, கன்வர்டிபிள்களுக்குக் கட்டாயமே இல்லை. 2009-இல் அந்த விதியை இறுக்கி, 6,000 பவுண்டு வரையுள்ள கார்களின் கூரை தன் எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும் என்று ஆக்கியபோதும் திறந்த கார்களுக்கு விலக்கு அப்படியே இருந்தது. மியாட்டாவின் ஹார்ட்டாப் நாரிழை கலந்த பிளாஸ்டிக், மழைக்கும் குளிருக்கும் நல்லது, கவிழ்ந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

எல்லாக் கன்வர்டிபிளும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஹோண்டா எஸ்2000, போர்ஷே பாக்ஸ்டர் இரண்டிலும் இருக்கைக்குப் பின்னால் தொழிற்சாலையிலேயே நிலையான வளையங்கள் வருகின்றன. மெர்சிடிஸ் எஸ்.எல். காரில் 1989-இலேயே, கவிழப் போவதை உணர்ந்து 0.3 நொடியில் எழுந்து நிற்கிற பார் வந்துவிட்டது. ஆனால் எதை ஏற்றுக்கொள்வது என்பது கிளப்புக்குக் கிளப் மாறுகிறது, காசு கட்டுவதற்கு முன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சாலையிலும் அதே காரை ஓட்டுகிறவர்களுக்கு. எனக்குப் பாரைச் சுற்றியிருந்தது தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற மெத்தை நுரை. ஹெல்மெட் இல்லாமல் போகும்போது பின்னால் யாராவது இடித்தால், தலை நேராக எஃகில் போய் மோதும். எஸ்.எஃப்.ஐ. 45.1 முத்திரை உள்ள கெட்டியான பேடிங் தனியாகக் கிடைக்கிறது, விரலால் அழுத்தினால் லேசில் உள்ளே போகாது. பாரின் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவே இல்லை.

பணத்துக்கு நான் செய்தது: கிரெடிட் கார்டில் கொடுத்திருந்ததால் உடனே வங்கியில் டிஸ்ப்யூட் போட்டேன், பில் வந்த 60 நாளுக்குள் எழுத்தில் போட்டுவிடுவது நல்லது. கூடவே கலிஃபோர்னியாவின் பியூரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேரில் புகார் கொடுத்தேன், பட்டறைகளுக்கு உரிமம் கொடுப்பது அவர்கள்தான், புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. அது போதாவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நீதிமன்றம், இங்கே தனிநபர்கள் 12,500 டாலர் வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். மின்னஞ்சல், ரசீது, டெக் இன்ஸ்பெக்‌ஷன் மறுப்புப் படிவம், காலிப்பர் எண் தெரிகிற படம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கழற்றிய பாரையும் வாஷர்களையும் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன், நீங்களும் வைத்திருங்கள், பட்டறைக்காரர் "கொண்டா, சரிபண்ணித் தருகிறேன்" என்று கேட்டாலும் கொடுக்காதீர்கள். புகாரின் முடிவு வரும்வரை பட்டறையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் அடுத்த ட்ராக் டேக்குப் பதிவு செய்திருக்கிற யாரிடமாவது மூலைவிட்டம் இல்லாத இரட்டை வளையப் பாரும், அதிலேயே துளைத்து மாட்டிய ஹார்னஸும் இருந்தால், இந்த வாரமே அந்த ஹார்னஸைக் கழற்றிவிட்டுச் சாதாரண பெல்ட்டை மாட்டுங்கள், சரியான பார் வரும்வரை ட்ராக்குக்கு எடுத்துப் போகாதீர்கள்.