கமக்கட்டுக்குள்ளை ஒரு லேசர்

"532 நானோமீற்றர் பச்சை லேசர் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டோ மச்சான்?" எண்டு சிநேகிதன் கேட்டான். அவனுக்கு மட்டும் சொன்னால் கோபம் ஆறாது. அதாலை இஞ்சை எழுதிறன்.

என்ரை பச்சை லேசருக்கு நாலு வயசு. தகரக் கொட்டில் ரியூசனிலை, பங்குனி வெக்கையிலை, அது ராசா. ஏசி மண்டபத்துக்குக் கொண்டுபோனால் மின்மினி. போன மாசம் பிள்ளையளுக்கு முன்னாலை அமத்தினன்: மங்கலா வந்தது, பெலத்தது, திரும்பச் செத்தது. முன்வாங்கில் பெடியன், "சேர், பற்றரி வீக்." அண்டைக்குக் காலமைதான் மாத்தினது!

உள்ளுக்கை பச்சை நேராப் பிறக்கிறதில்லை. 808 நானோமீற்றர் இருவாயி (டயோட்) நியோடிமியம் பளிங்கை உசுப்ப 1064இலை கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிர் வரும், கே.ரி.பி. எண்ட இன்னொரு பளிங்கு அதின்ரை மீடிறனை (அதிர்வெண்ணை) இரட்டிக்க அலைநீளம் பாதியாகி 532, அதுதான் பச்சை. இருவாயி ஒரு பாகை குளிர்ந்தால் அலைநீளம் 0.3 நானோமீற்றர் அளவிலை குறையும். நியோடிமியம் விழுங்கிற அலைநீளப் பட்டையோ ஒடுக்கம், அதை விட்டு விலகினால் செங்கீழ் குறையும். இரட்டிப்பு வர்க்கக் கணக்கு வேறை. செங்கீழ் பாதியானால் பச்சை காற்பங்காகும். கே.ரி.பி.க்குள்ளை இரண்டு அலையும் கால் ஒத்து நடக்கவேணும், சூட்டோடை முறிவுச் சுட்டி மாற அந்த நடையும் பிசகும். ஆனால் அது இதிலை பொறுமைசாலி. மூண்டு வருசமா அதைத்தான் பேசினன், பாவம், கள்ளன் இருவாயி.

பெரிய லேசர்களிலை எல்.பி.ஓ. பளிங்கைச் சின்ன அடுப்பிலை 149 பாகைக்குக் கிட்ட வைச்சிருப்பினம். என்ரை அடுப்பு கமக்கட்டு. வகுப்புக்கு முன்னம் பத்து நிமிசம். பிள்ளையள் சிரிப்பினம், பரவாயில்லை.

ஒண்டு மட்டும் பகிடியில்லை. செங்கீழ் வடிகட்டி இல்லாத மலிவுச் சாமானிலை, பச்சை மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத கதிர் வந்துகொண்டுதான் இருக்கும். மங்கல்தானே எண்டு ஆற்றையும் முகத்துக்குப் பிடிக்காதேங்கோ. பலாலிக்கு வாற பிளேன் பக்கமும் வேண்டாம்.

மாசியிலை ஒரு இரவு காரைநகர்க் கடற்கரையிலை, காற்சட்டைப் பையிலை சூடேறிக் கிடந்ததை எடுத்து அகத்தியர் வெள்ளியை (கனோபஸ் நட்சத்திரத்தை) காட்டினன். தங்கச்சியின்ரை மகள் அண்ணாந்து பாத்து, "மாமா, வெள்ளிக்குக் கயிறு கட்டியாச்சு" எண்டாள். அந்த ஒரு இரவுக்காகத்தான் இதை இன்னும் எறியேல்லை.

உனக்கு 520 நேரடி இருவாயிதான் சரி, மச்சான். இரட்டிப்பும் இல்லை, குளிருக்குச் சண்டித்தனமும் குறைவு. 532ஐத் தொடாதை.

அது சரி, விலை இறங்கின கடை எது? எனக்கு இன்னொண்டு எடுக்கவேணும்.