மேக்எம்கேவி: டிஸ்க்கிலிருந்து எடுப்பது சுலபம், சரியான பிளேலிஸ்ட்டைப் பிடிப்பதுதான் வேலை

ப்ளூரே டிஸ்க்கில் இருக்கும் படத்தை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற எந்த மென்பொருள் நல்லது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது மேக்எம்கேவிதான். பல வருஷமாக இதே பதில், மாற்றிச் சொல்ல இதுவரை காரணம் கிடைக்கவில்லை. ஆனால் இதைப் பற்றி எழுதுகிறவர்கள் "டிஸ்க்கைப் போடுங்க, பெரிய டைட்டிலை டிக் பண்ணுங்க, பட்டனை அமுக்குங்க" என்று மூன்றே வரியில் முடித்துவிடுகிறார்கள் (டைட்டில் என்றால் டிஸ்க்கில் தனியாக ஓட்டக்கூடிய ஒரு வீடியோ). நிறைய டிஸ்க்குகளுக்கு அது போதும். போதாத டிஸ்க் ஒன்று கையில் மாட்டும்போதுதான் இந்த மென்பொருளின் அருமையும் தெரியும், அது எங்கே நம்மை அம்போவென்று விடுகிறது என்பதும் தெரியும்.

முதலில் அடிப்படை. இது படத்தைச் சுருக்காது, தரத்தைத் தொடாது. டிஸ்க்கின் பூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் வீடியோ, ஆடியோ, சப்டைட்டில் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து ஒரே எம்கேவி ஃபைலாகக் கட்டிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதனால் 50 ஜிபி டிஸ்க்கில் இருக்கும் படம் 30, 35 ஜிபி ஃபைலாக வந்து உட்காரும். இடம் பத்தாதென்றால் அப்புறம் ஹேண்ட்பிரேக்கில் போட்டுச் சுருக்கிக்கொள்வது உங்கள் பாடு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். டிவிடிக்கு இலவசம். ப்ளூரேவுக்கு 30 நாள் சோதனை, அதற்குப் பிறகு காசு கொடுத்து உரிமச் சாவி வாங்கலாம், அல்லது பீட்டாவில், அதாவது சோதனைப் பதிப்பாக, இருக்கும் வரை அவர்களே வெளியிடும் இலவசச் சாவியைப் போட்டுக்கொள்ளலாம், அது காலாவதியானதும் புதியதைத் தேடிப் போட வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாகப் பீட்டாவிலேயே இருக்கும் மென்பொருள் இது. எப்போது முடியும் என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன்.

சரி, பிளேலிஸ்ட் விஷயத்துக்கு வருவோம். ப்ளூரே டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பிடிஎம்வி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் ஸ்ட்ரீம் ஃபோல்டரில்தான் வீடியோ, எம்2டிஎஸ் ஃபைல்களாக. பக்கத்திலேயே பிளேலிஸ்ட் ஃபோல்டர், அதில் 00800 மாதிரி ஐந்து இலக்க எண்ணைப் பெயராகக் கொண்ட சின்னச் சின்ன எம்பிஎல்எஸ் ஃபைல்கள். இவற்றில் படம் ஒரு ஃபிரேம்கூடக் கிடையாது. எந்த எம்2டிஎஸ் ஃபைலை, எங்கே தொடங்கி எது வரை, எதற்கு அடுத்து எதை ஓட்ட வேண்டும் என்ற குறிப்புதான் இருக்கும். மேக்எம்கேவி டைட்டில் டைட்டிலாக வரிசை கட்டிக் காட்டுவது பெரும்பாலும் இந்தக் குறிப்புகளைத்தான்.

ஒரே டிஸ்க்கில் பல பிளேலிஸ்ட் இருக்க நியாயமான காரணங்களும் உண்டு. தியேட்டரில் வந்த படமும் நீட்டிக்கப்பட்ட படமும் ஒரே டிஸ்க்கில் வரும்போது பொதுவான காட்சிகளை இரண்டு முறை பதிய மாட்டார்கள், காட்சிகள் துண்டு துண்டாக இருக்கும், இரண்டு பிளேலிஸ்ட் அவற்றை இரண்டு விதமாகக் கோக்கும். ஹாலிவுட் அனிமேஷன் படங்களில் இன்னொரு கூத்து: திரையில் தெரியும் கடிதம், கடைப்பலகை எழுத்துகளைக்கூடச் சில படங்களில் மொழிக்கு மொழி மாற்றி வரைந்திருப்பார்கள், அதனால் ஆங்கிலத்துக்கு ஒன்று, பிரெஞ்சுக்கு ஒன்று, ஸ்பானிஷுக்கு ஒன்று என்று 00800, 00801, 00802 எல்லாம் ஒரே நீளத்தில் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் வசனம் ஆங்கிலத்திலும் தலைப்பு பிரெஞ்சிலும் வரும். சீரியல் டிஸ்க் என்றால் எல்லா எபிசோடையும் சேர்த்து ஓட்டும் நீளமான பிளேலிஸ்ட் ஒன்று, அது போகத் தனித்தனி எபிசோடுகள். 'பெரியதை எடு' என்ற யோசனை இங்கே செல்லாது, எபிசோடுகளும் ஒளிபரப்பான வரிசையிலேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. நம்ம ஊர்ப் படங்களின் டிஸ்க்கில் பாடல்களுக்கென்று மெனுவில் தனியிடம் உண்டு, எல்லாப் பாடலையும் சேர்த்து ஓட்டும் டைட்டில் அரைமணி நேர நீளத்தில் தனியாகத் தெரியும். அதைப் படத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை, தனியாக எடுத்து வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலைக்கு உதவும்.

இதுவரை சொன்னதெல்லாம் சமாளிக்கக்கூடியது. வேண்டுமென்றே குழப்பி வைத்த டிஸ்க்தான் தலைவலி. சில ஹாலிவுட் வெளியீடுகளில் நூற்றுக்கணக்கான பிளேலிஸ்ட் இருக்கும், எல்லாம் நொடி பிசகாமல் ஒரே நீளம், எல்லாம் ஒரே சைஸ், ஆடியோ, சப்டைட்டில், அத்தியாய எண்ணிக்கை எல்லாம் ஒன்று. உள்ளே என்ன செய்திருப்பார்கள் என்றால், படத்தைச் சில துண்டுகளாக வெட்டி, சீட்டுக்கட்டைக் கலைத்தமாதிரி ஒவ்வொரு பிளேலிஸ்ட்டிலும் ஒவ்வொரு வரிசையில் அடுக்கியிருப்பார்கள். ஒன்றே ஒன்றில்தான் வரிசை சரி. எது அந்த ஒன்று என்பது டிஸ்க்கிலேயே இருக்கும் ஜாவா புரோகிராமுக்குத் தெரியும், பிளேயரில் போட்டு பிளே அமுக்கும்போது அந்தப் புரோகிராம் ஓடி சரியான எண்ணைக் கூப்பிடும். டிவியில் பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைத் தன் ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொள்ள நினைக்கிறவருக்குத்தான் தண்டனை.

இதில் விஷமம் என்னவென்றால், போலியிலும் தொடக்கமும் முடிவும் ஒழுங்காகவே இருக்கலாம். நிறுவன லோகோ வரும், முதல் அரைமணி நேரம் சரியாக ஓடும், அப்புறம் நாற்பதாவது நிமிடத்தில் செத்துப்போன ஆள் எழுந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். கதையை முன்னும் பின்னும் சொல்லும் படமாக இருந்தால் இன்னும் மோசம், இயக்குநரின் சாமர்த்தியம் என்றே நம்பிவிடுவோம். எனவே எடுத்த ஃபைலின் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்துவிட்டு 'சரியாக இருக்கிறது' என்று டிஸ்க்கை அலமாரியில் வைப்பது சோதனையே ஆகாது.

மேக்எம்கேவி இதற்கு என்ன செய்கிறது? கம்ப்யூட்டரில் ஜாவா இருந்தால், டிஸ்க்கில் இருக்கும் அந்தப் புரோகிராமைத் தானே ஓட்டிப் பார்த்து, எந்தப் பிளேலிஸ்ட்டைக் கூப்பிடுகிறது என்று கண்டுபிடித்து, அந்த டைட்டிலின் குறிப்பில் 'எஃப்பிஎல் மெயின்ஃபீச்சர்' என்று முத்திரை குத்திவிடும். இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். விளம்பரப்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி, ஆனால் டைட்டிலைத் தேர்ந்தெடுத்தால் வலது பக்கம் வரும் விவரப் பட்டியலுக்குள் ஒரு வரியாகச் சத்தமில்லாமல் கிடக்கும். ஜாவா கிடைக்கவில்லை என்றால் கீழே லாக்கில், அதாவது நடப்பதை வரிவரியாகப் பதியும் பகுதியில், சொல்லும். லாக்கை யார் படிக்கிறார்கள்? இங்கே படியுங்கள், டிஸ்க்கைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும்.

அதே விவரப் பட்டியலில் இன்னும் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று மூல ஃபைலின் பெயர், அதாவது எந்த எம்பிஎல்எஸ். மற்றொன்று செக்மென்ட் மேப், அதாவது எந்தத் துண்டுகள் எந்த வரிசையில் ஓடும் என்ற பட்டியல். உதாரணத்துக்கு ஒரு டைட்டிலில் 55,56,57,58,59 என்றும் அடுத்ததில் 55,58,56,57,59 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே துண்டுகள், வரிசைதான் வேறு என்று அங்கேயே புரிந்துவிடும். ஏறுவரிசையில் இருப்பதுதான் அசல் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், துண்டுகளுக்கு எண் கொடுக்கும்போதே கலைத்துக் கொடுத்திருக்கலாம். செக்மென்ட் மேப் ஒற்றை எண்ணாக இருந்தால் நிம்மதி, முழுப் படமும் ஒரே எம்2டிஎஸ், அங்கே கலைக்க ஒன்றும் இல்லை.

முத்திரை வராத டிஸ்க்குகளும் உண்டு. அப்போது நான் விண்டோஸில் செய்வது இது. ப்ளூரே மெனுவோடு ஒழுங்காக ஓட்டும் பிளேயர் மென்பொருள் ஒன்றில் டிஸ்க்கை ஓட விட்டு, பக்கத்தில், எந்த மென்பொருள் எந்த ஃபைலைத் திறக்கிறது என்று காட்டும் மைக்ரோசாஃப்டின் ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, எம்பிஎல்எஸ் என்று முடியும் ஃபைல்களை மட்டும் காட்டும்படி வடிகட்டி வைப்பேன். மெனு வரும்போது சில பெயர்கள் ஓடும். மெனுவில் மொழியைத் தேர்ந்தெடுத்து பிளே அமுக்கியதும், படம் தொடங்கும் நேரத்தில் கடைசியாகத் திறக்கப்படும் எம்பிஎல்எஸ் எதுவோ, அநேகமாக அதுதான் நம்ம ஆள். அந்த எண்ணை எழுதிக்கொண்டு பிளேயரை மூடிவிட்டு, மேக்எம்கேவியில் அதே எண்ணுள்ள டைட்டிலை எடுக்க வேண்டியதுதான். வேறு மொழிப் பதிப்புகள் இருக்கும் டிஸ்க்குக்கும் இதே வழி வேலை செய்யும், மெனுவில் ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஆங்கிலத் தலைப்பு உள்ள பிளேலிஸ்ட்தானே திறக்கும்.

அப்படிப்பட்ட பிளேயர் இல்லையென்றால் நீண்ட வழி. மேக்எம்கேவியிலேயே முழு டிஸ்க்கையும் பூட்டு நீக்கி பேக்கப் எடுத்துவிட்டு, ஸ்ட்ரீம் ஃபோல்டரில் இருக்கும் துண்டுகளை விஎல்சியில் ஒவ்வொன்றாகத் திறந்து, தொடக்கத்தில் ஒரு நிமிடம், முடிவில் ஒரு நிமிடம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பிடிஇன்ஃபோ என்ற மென்பொருள் இங்கே கைகொடுக்கும், ஒவ்வொரு பிளேலிஸ்ட்டிலும் எந்தத் துண்டு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று அட்டவணை போட்டுக் காட்டும். அந்த நேரங்களுக்குத் தாவி, ஒட்டு விழும் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். வசனம் பாதியில் அறுந்தால், பகல் சட்டென்று இரவானால், அந்தப் பிளேலிஸ்ட்டை ஒதுக்கிவிடலாம். எந்த வழியில் எடுத்தாலும் எடுத்து முடித்த ஃபைலுக்கும் நான் செய்யும் சோதனை இதேதான்.

குறை சொல்வதென்றால், முன்னோட்டம் பார்க்கும் வசதி மேக்எம்கேவியில் கிடையாது. டைட்டிலைக் கிளிக் செய்தால் பத்து நொடி ஓடிக் காட்டினால் பாதி வேலை மிச்சம், இத்தனை வருஷமாக அது வரவில்லை. வெளியே வரும் ஃபைலின் பெயரில் இருக்கும் டைட்டில் எண்ணுக்கும் பிளேலிஸ்ட் எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது, நாமே எங்காவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ப்ளூரே சப்டைட்டில் படமாகத்தான் இருக்கும், இது அப்படியே எடுத்துக் கொடுக்கும், எழுத்தாக மாற்றாது. சின்ன டைட்டில்களை மறைக்கும் அமைப்பு ஒன்று உண்டு, 120 நொடி என்று வைத்திருப்பதைக் கூட்டினால் டிரெய்லர் குப்பை போய்விடும், ஆனால் முழு நீளப் போலிகளை அது ஒன்றும் செய்யாது.

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றம் என்கிறது. அமெரிக்காவில் சட்டம் இதைவிடக் கெடுபிடி. சொந்த டிஸ்க்கை எடுத்துச் சொந்த வீட்டில் பார்ப்பதைப் பற்றித்தான் நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

4கே டிஸ்க் எடுக்க நினைப்பவர்கள் மென்பொருளுக்கு முன்னால் டிரைவைப் பாருங்கள், மென்பொருள் டிஸ்க்கை நேரடியாகப் படிக்க விடும் லிப்ரேடிரைவ் முறைக்கு ஒத்துவரும் டிரைவ் வேண்டும், கடையில் கிடைக்கும் எல்லாமும் ஒத்துவராது. டிவிடி மட்டும் வைத்திருப்பவர்கள் காசு செலவு செய்யவே வேண்டாம். அலமாரி நிறைய ப்ளூரே இருந்தால் சாவி வாங்கிவிடுவது நல்லது. ஒரு முறை வாங்கினால் போதும், இலவசச் சாவி எப்போது காலாவதியாகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும் அலுப்பு இருக்காது. ஆனால் வாங்குவதற்கு முன் அந்த 30 நாளில், உங்களிடம் இருப்பதிலேயே முரட்டு டிஸ்க்கைப் போட்டு, ஜாவாவும் நிறுவி, அந்த முத்திரை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.