கியர்பாக்ஸ் ஆயில் கூலர்: குழாய் வகையா, தட்டு வகையா?

பிக்கப்பில் டிரெய்லர் இழுக்கிறவர்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி கூலர் போட முடிவு செய்த பிறகு, எந்த வகை என்பதில்தான் தடுமாறுகிறார்கள்: ஆயில் ஒரே நீளக் குழாயில் வளைந்து ஓடும் குழாய் வகையா, அடுக்கிய தட்டுகளுக்குள் பிரிந்து ஓடும் தட்டு வகையா? சூடு பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில் பிறக்கிறது (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பகுதி). சுமையோடு மேடேறும்போது கன்வெர்ட்டர் லாக் ஆகாமல், அதாவது இரு பக்கமும் ஒன்றாகப் பிணையாமல், வழுக்கிக்கொண்டே இருக்கும். ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நிம்மதி. 120-ஐத் தாண்டி நீடித்தால் கெடத் தொடங்கும். கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பியை) வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பு மாறிப் பழுப்பேறி, தீய்ந்த வாடை அடித்தால் ஏற்கெனவே தாமதம்.

விலை: குழாய் மலிவு. தட்டு அதிகம்.

குளிர்விக்கும் திறன்: ஒரே அளவில் தட்டுதான் முந்தும். முன்பக்கம் இடம் குறைவான வண்டிக்கு இது பெரிய விஷயம்.

கடுங்குளிர்: குழாய் வகையில் கெட்டியான ஆயில் முழுவதும் ஒரே நீளக் குழாயில் போயாக வேண்டும், ஓட்டம் குறையும். தட்டு வகையில் பல வழிகள் உண்டு.

சுத்தம்: குழாயைக் கழுவலாம். தட்டுகளுக்குள் உலோகத்தூள் புகுந்தால் கழுவி நம்பாதீர்கள், புதிதே போடுங்கள்.

எப்போதாவது சின்ன டிரெய்லர் இழுப்பவருக்குக் குழாய் வகை போதும். மலைப்பாதையில் அடிக்கடி கனத்த சுமை என்றால் தட்டு வகைதான், இதில் சிக்கனம் வேண்டாம்.

அப்புறம், எதுவானாலும் கூலரை ரேடியேட்டர் துடுப்புகளில் பிளாஸ்டிக் கம்பி குத்திக் கட்டாதீர்கள். அதிர்வில் உரசி ரேடியேட்டரே ஓட்டையாகலாம். பிராக்கெட் வைத்து போல்ட் போடுங்கள்.