லிப்ரேஆபீஸில் தமிழ்: இலவசம்தான், ஆனால் அந்த இரண்டு ஃபாண்ட் விவகாரம்

நண்பர் ஒருவர் புது லேப்டாப் வாங்கிவிட்டு, "ஆபீஸுக்குத் தனியா காசு கட்டணுமா, லிப்ரேஆபீஸ் போதுமா?" என்று கேட்டிருந்தார். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடித்தால் சரியாக இருக்காது. பல வருடங்களாகத் தமிழில் கடிதம், விண்ணப்பம், அழைப்பிதழ், சின்னச் சின்ன மலர் வேலை என்று எல்லாவற்றுக்கும் இந்த இலவச ஆபீஸ் மென்பொருளைப் பயன்படுத்திய அனுபவத்தில் இருந்து எழுதுகிறேன்.

முதலில் காசு விஷயம். இந்தியாவில் விற்கும் பல விண்டோஸ் லேப்டாப்களில் ஆபீஸ் ஹோம் (முன்பு ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் என்று பெயர்) ஏற்கெனவே விலையோடு சேர்ந்தே வருகிறது. பில்லிலோ பெட்டியின் ஸ்டிக்கரிலோ அப்படிப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேர்டைத் திறந்து உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போய் ஆக்டிவேட் செய்யுங்கள். உரிமம் எந்தக் கணக்கில் உள்ளே போனீர்களோ அதோடு ஒட்டிக்கொள்ளும். கடையில் "நாங்களே செட்டப் பண்ணித் தர்றோம்" என்று வேறு மின்னஞ்சலில் போட்டுவிட்டால், பிறகு விண்டோஸை மறுபடி நிறுவும்போது அந்த மின்னஞ்சலைத் தேடி அலைய வேண்டியதுதான். தள்ளிப்போடவும் கூடாது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆனதில் இருந்து 180 நாளுக்குள் இதை முடிக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்கு "லைஃப்டைம் கீ" என்று விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்த கீ தான் கை மாறி வருகிறது. கொடுத்தவர் முடக்கினால் உங்கள் வேர்டும் நின்றுவிடும். வாங்காதீர்கள்.

மற்ற மென்பொருள்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அவற்றில் சண்டை ஒன்றும் இல்லை. வீடியோவுக்கு விஎல்சி. போனில் எடுத்த ஹெச்இவிசி வகை (அளவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை) வீடியோவுக்கு விண்டோஸின் சொந்த பிளேயர் ஸ்டோரில் ஒரு நீட்சியைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும், விஎல்சியில் அது அப்படியே ஓடும். சுருக்கிய கோப்புகளுக்கு 7-ஜிப். வைரஸுக்கு விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் போதும். கூடவே வந்த சோதனைக் கால ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு லேப்டாப்பை மறுபடி ஆன் செய்தால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும். பிடிஎஃப் படிக்க சுமாத்ரா. ஆனால் இ-ஆதார் போல டிஜிட்டல் கையெழுத்து உள்ள பிடிஎஃபில் அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்துப் பச்சை டிக் வரவழைக்க அடோபி ரீடர் வேண்டும். அதுவும் இலவசம்தான். நிறுவும்போது கூடவே எதையாவது சேர்க்கச் சொல்லும் டிக்குகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இனி லிப்ரேஆபீஸ்.

ஓபன்ஆபீஸில் இருந்து 2010-இல் பிரிந்து வந்தது. டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை நடத்துகிறது. டவுன்லோடு சுமார் 350 எம்பி. கணக்குத் தொடங்கச் சொல்லாது, விளம்பரம் கிடையாது, சோதனைக் காலம் கிடையாது, வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் ஒரே உரிமம். இதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போகும். இதில் வேர்டின் இடத்தில் இருக்கும் ரைட்டரைத் திறந்து ஃபாண்ட் அளவை 14 என்று வைத்துத் தமிழில் தட்ட ஆரம்பியுங்கள். எழுத்து 14-இல் வராது. வேறு ஏதோ ஃபாண்டில், வேறு ஏதோ அளவில் வரும். மேலே பெட்டியில் பார்த்தால் நீங்கள் வைத்த எண்ணும் காணாமல் போயிருக்கும். முதன்முதலில் இதைப் பார்க்கிறவர்கள் பாதிப் பேர் அங்கேயே அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

காரணம் இதுதான். லிப்ரேஆபீஸ் ஒவ்வொரு எழுத்தையும் மூன்று கூட்டத்தில் ஒன்றில் சேர்க்கிறது: மேற்கத்திய எழுத்து, கிழக்காசிய எழுத்து, சிக்கலான எழுத்தமைப்பு. மூன்றாவதை சிடிஎல் என்று மெனுவில் சுருக்கிப் போட்டிருப்பார்கள். தமிழ், இந்தி, அரபி எல்லாம் அதில்தான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஃபாண்ட், அளவு, போல்டு, மொழி எல்லாமே தனித்தனி. வெற்றுப் பக்கத்தில் எதையும் தேர்ந்தெடுக்காமல் அளவை மாற்றினால், அந்த நேரத்தில் கீபோர்டு எந்த மொழியில் இருக்கிறதோ அந்தக் கூட்டத்துக்கு மட்டுமே அது போகும். ஆங்கிலக் கீபோர்டில் இருக்கும்போது 14 வைத்தால் ஆங்கிலத்துக்குத்தான் 14. பிறகு தமிழுக்கு மாறித் தட்டினால் தமிழின் பழைய அளவு அப்படியே இருக்கும்.

என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சு உதவிகளோடு இன்னும் மோசம். அவை உள்ளே தமிழை உருவாக்கிக் கொடுக்கின்றன, விண்டோஸ் கணக்கில் கீபோர்டு ஆங்கிலமாகவே இருக்கிறது. லிப்ரேஆபீஸும் அதை நம்பிவிடும். விண்டோஸ் 11-இலேயே தமிழ் 99, அஞ்சல், ஃபொனடிக் என்று கீபோர்டுகள் இருக்கின்றன. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ், அதில் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் போய், தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் வேண்டிய கீபோர்டைச் சேர்க்கலாம். மாற்றிக்கொள்ள விண்டோஸ் கீயும் ஸ்பேஸும். லிப்ரேஆபீஸோடு வேலை செய்ய இந்த வழிதான் சுமுகமானது.

எண்களைப் பற்றி யாரும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். எண்ணுக்கும் காற்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் சொந்தக் கூட்டம் கிடையாது. முன்னால் நிற்கும் எழுத்தின் கூட்டத்தில் அவை சேர்ந்துகொள்ளும். "தேதி 15" என்று எழுதினால் 15 தமிழ் ஃபாண்டில் வரும், அதே வரியில் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் வரும் 15 ஆங்கில ஃபாண்டில் வரும். ஒரே வரியில் இரண்டு உருவத்தில் எண்கள். தொகைப் பட்டியல் போடும்போது, எண் மட்டும் இருக்கும் கட்டங்கள் ஒரு மாதிரி, "ரூ." போட்டு எண் எழுதிய கட்டங்கள் இன்னொரு மாதிரி. அச்சடித்துப் பார்க்கும் வரை கண்ணில் படாது, அச்சடித்த பிறகு வேறு எதுவும் கண்ணில் படாது.

தீர்வு இருக்கிறது, ஒருமுறை செய்தால் போதும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் அண்ட் லொக்கேல்ஸ், ஜெனரல் போங்கள். பழைய பதிப்பில் அதே இடம் லாங்குவேஜ் செட்டிங்ஸ், லாங்குவேஜஸ் என்று இருக்கும். அங்கே காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதில் டிக் இல்லையென்றால் போட்டு, மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, தமிழும் ஆங்கிலமும் இரண்டும் உள்ள ஒரே ஃபாண்டை நிறுவுங்கள். முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் மூன்றும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், வியாபார வேலைக்கும் பயன்படுத்தலாம். நீண்ட உரைக்கு எனக்குப் பிடித்தது முக்த மலர். கட்டமரன் தலைப்புக்கு நன்றாக இருக்கும், பத்தி பத்தியாகப் படிக்கக் கண் வலிக்கும்.

பிறகு ரைட்டரில் வெற்றுக் கோப்பு ஒன்றைத் திறந்து எஃப் 11 அழுத்துங்கள், ஸ்டைல் பட்டியல் வரும். டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல் மேல் வலது கிளிக், எடிட் ஸ்டைல், ஃபாண்ட் தாவல். மேற்கத்திய ஃபாண்ட், சிடிஎல் ஃபாண்ட் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி இருக்கும். இரண்டிலும் அதே முக்த மலர், அதே 12. ஹெடிங் ஸ்டைலிலும் இப்படியே செய்யுங்கள், இல்லையென்றால் தலைப்பு மட்டும் பழையபடி போகும். வரி இடைவெளியைப் பாராகிராஃபில் ஃபிக்ஸ்டு என்று 18 பாயிண்ட் வையுங்கள். ப்ரோபோர்ஷனலில் விட்டால் வேறு ஃபாண்டில் ஒரு சொல் நுழைந்த வரி மட்டும் எம்பி நிற்கும். 12 பாயிண்ட் எழுத்துக்கு 18-க்கும் மிகவும் கீழே போனால் "கி", "கீ" போன்றவற்றின் மேல் சுழி வெட்டுப்படும். எல்லாம் முடிந்ததும் ஃபைல், டெம்ப்ளேட்ஸ், சேவ் ஆஸ் டெம்ப்ளேட். அந்தச் சாளரத்தில் செட் ஆஸ் டிஃபால்ட் டெம்ப்ளேட் என்ற டிக்கை மறக்காதீர்கள். இனி புதிதாகத் திறக்கும் ஒவ்வொரு கோப்பும் இப்படியே வரும். அதற்குப் பிறகும் அளவை மேலே உள்ள பெட்டியில் மாற்றாமல் ஸ்டைல் வழியாக மாற்றிப் பழகினால் நிம்மதி.

இந்த ஏற்பாடு எல்லாம் உங்கள் யூசர் ஃபோல்டரில், மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங், லிப்ரேஆபீஸ், 4, யூசர் என்ற இடத்தில் இருக்கிறது. எஸ்எஸ்டி மாற்றும்போதும் விண்டோஸை மறுபடி நிறுவும்போதும் அந்த யூசர் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வைத்தால், மேலே சொன்ன எதையும் மறுபடி செய்ய வேண்டாம். ஃபாண்ட் கோப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் இருந்து வரும் கோப்புகளில் இரண்டு வகைச் சிக்கல். ஒன்று லதா ஃபாண்ட். முன்பெல்லாம் விண்டோஸோடு வந்தது, விண்டோஸ் 10-இல் இருந்து அதுவும் விஜயா என்ற ஃபாண்டும் விருப்பத் தேர்வாகிவிட்டன. புது லேப்டாப்பில் இருக்காது. லதாவில் அடித்த டாக்எக்ஸ் (வேர்டு) கோப்பு வேறு ஃபாண்டில் திறந்து, ஒரு பக்கக் கடிதம் ஒன்றேகால் பக்கமாக வழியும். விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, தமிழ் சப்ளிமென்டல் ஃபாண்ட்ஸ் சேருங்கள், காசு இல்லை. இன்னொன்று பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டுக் கோப்புகள். இவற்றின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், ஃபாண்ட்தான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. ஆகவே லிப்ரேஆபீஸ் கணக்கில் அது மேற்கத்திய எழுத்து. ஃபாண்டை மாற்ற வேண்டுமானால் மேற்கத்தியப் பகுதியில் மாற்ற வேண்டும், சிடிஎல் பகுதியைத் தொட்டுப் பயனில்லை. எல்லாச் சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு வருவதும் அதனால்தான். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, மொழியை நன் (None) என்று வைத்தால் கோடு போய்விடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். இதே லிப்ரேஆபீஸில் டிரா என்று படம் வரையும் மென்பொருள் ஒன்று இருக்கிறது, பலர் திறந்தே பார்ப்பதில்லை. அது கோரல்டிராவின் சிடிஆர் கோப்பைத் திறக்கும். 2015-இல் வந்த 4.4 பதிப்பில் இருந்து பேஜ்மேக்கர் கோப்பையும் திறக்கிறது. தமிழில் டிடிபி வேலை நடந்த இடங்களை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கோயில் மலர், சங்க ஆண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை என்று எவ்வளவோ அந்த இரண்டு மென்பொருளிலும் உறைந்து கிடக்கின்றன. பேஜ்மேக்கர் 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அப்படிப்பட்ட பழைய கோப்பு இன்றைய லேப்டாப்பில் ஒரு ரூபாய் செலவில்லாமல் திறக்கிறது என்றால், அது பெரிய உபகாரம். முதலில் அந்தக் காலத்து ஃபாண்டை நிறுவிவிட்டு, அப்புறம் கோப்பைத் திறக்க வேண்டும். பக்க அமைப்பு அச்சு அசலாக வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம், உரையும் படமும் பெரும்பாலும் வந்து சேரும். புதிய கோரல் பதிப்பின் கோப்பு திறக்கவில்லை என்றால், அச்சகத்தில் பழைய பதிப்பாகச் சேமித்துத் தரச் சொல்லுங்கள்.

பிடிஎஃபும் அருமை. எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப் சாளரத்தில் ஹைப்ரிட் பிடிஎஃப் என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் மூலக் கோப்பும் பிடிஎஃபுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பார்ப்பவருக்குச் சாதாரண பிடிஎஃப், லிப்ரேஆபீஸில் திறந்தால் திருத்தக்கூடிய கோப்பு. சங்கச் சுற்றறிக்கைகளுக்கு இதைவிட வசதியான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இவ்வளவு நல்லதும் ஒரே மென்பொருளில் இருக்கும்போது, ஓர் எழுத்தின் அளவை மாற்ற இத்தனை பாடு ஏன் என்பதுதான் என் ஆதங்கம். வேர்டும் கோப்புக்குள் இரண்டு அளவுகளைத் தனித்தனியாகத்தான் எழுதுகிறது. ஆனால் பயனர் ஒருமுறை 14 என்று சொன்னால் இரண்டு இடத்திலும் 14 என்று எழுதிவிடுகிறது. அதே வேலையை இங்கேயும் செய்யலாம். இரண்டையும் பிணைக்க ஒரு டிக் பெட்டி போதும், தேவையில்லாதவர் எடுத்துவிடலாம். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதாத தமிழ் அலுவலகக் கடிதம் ஒன்று இருக்கிறதா? மெனுக்களைத் தமிழில் மொழிபெயர்த்துத் தந்த தன்னார்வலர்களின் உழைப்புக்கு மரியாதை உண்டு. அந்தத் தமிழ் மெனுவைப் பார்த்து ஆசையாக உள்ளே வருகிறவர், முதல் வரியிலேயே இப்படி முட்டிக்கொள்வதுதான் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: உங்கள் லேப்டாப்பில் வேர்டு வந்திருந்தால், தமிழ்க் கடிதங்களை அதிலேயே அடியுங்கள். இன்றைக்கு இருக்கிற எரிச்சலில் இதற்கு மேல் என்னால் ரைட்டரைச் சிபாரிசு செய்ய முடியாது. வேர்டு வரவில்லை என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டாம், மேலே சொன்ன டெம்ப்ளேட்டை ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து செய்துவிட்டு ரைட்டரையே பயன்படுத்துங்கள். எப்படியானாலும் லிப்ரேஆபீஸை நிறுவி வையுங்கள், டிராவுக்காகவாவது. வேர்டும் அதுவும் ஒரே கணினியில் சண்டை இல்லாமல் இருக்கும். நிறுவும்போது டைப்பிக்கலுக்குப் பதில் கஸ்டம் தேர்ந்தெடுத்து, வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் கோப்புகளை இதில் திறக்கவா என்று கேட்கும் இடத்தில் டிக்குகளை எடுத்துவிட்டால், உங்கள் டாக்எக்ஸ் கோப்புகள் வழக்கம்போல வேர்டிலேயே திறக்கும்.