சத்தமே வராது என்று சொல்லி 4,850 ரூபாய்க்கு விற்ற பிராசஸர் ஃபேன்

நேற்று மூன்றாவது தடவையாக ஊட்டிக்குப் போய் வெறுங்கையோடு கோத்தகிரிக்குத் திரும்பினேன். 4,850 ரூபாய் போனது போனதுதான். ஊட்டியில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு கடை, பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்னொருவர் இதே போல ஏமாறக் கூடாது.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். பகலில் ரோட்டில் வண்டிச் சத்தம் ஓயாது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் உட்காருவேன். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் ஓட்டில் பனி சொட்டுவது கூடக் கேட்கும். அந்த அமைதியில், கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரோடு வந்த சின்ன ஃபேன் போடும் இரைச்சல் மொத்தமும் மைக்கில் ஏறிவிடும். என்னுடையது இன்டெல் ஐ5-12400. சாதாரணமாக 65 வாட், உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கக் கூடியது. ஒலியைச் சுத்தம் செய்யும் மென்பொருளை ஓட்டினாலே ஃபேன் அலற ஆரம்பித்துவிடும். அதனால்தான் பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வெளியேற்றும் நல்ல கூலர் ஒன்று, ஃபேனோடு சேர்த்து, வாங்கக் கிளம்பினேன்.

கடைக்காரர் அன்று அவ்வளவு அன்பாகப் பேசினார். "உக்காருங்கக்கா" என்று நாற்காலி போட்டு, டீயும் வர்க்கியும் வரவழைத்தார். நான் செய்கிற வேலையைச் சொன்னதும், "நல்ல காரியம்க்கா, உங்களுக்குத் தப்பான பொருள் கொடுப்பேனா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். ஒரு பெட்டியை எடுத்து, ஃபேனை ஒரு பவர் சப்ளையில் மாட்டி என் காதருகே பிடித்தார். உண்மையிலேயே சத்தம் இல்லை. நடுவில் ஒரு சின்னக் கறுப்பு ஒயர் செருகியிருந்ததைப் பார்த்தேன். அது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. பெட்டியில் 18 டெசிபல் என்று போட்டிருந்தது, சத்தம் அவ்வளவுதான் என்றால் எனக்குப் போதும். "புது போர்டு, பழைய போர்டு எல்லாத்துக்கும் பொருந்தும்க்கா" என்றார். "பில் போட்டா 18 சதவீதம் கூட வரும்" என்றதும் ஒரு எஸ்டிமேட் சீட்டை வாங்கிக்கொண்டு 4,850 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் தம்பி மாட்டினான். ஆன் செய்ததும் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் தொட்டி ஃபேன் போட்டது போல ஓர் இரைச்சல். ஃபேன் ஒயரில் மூன்று பின்தான் இருந்தது, மதர்போர்டில் நான்கு பின். வேகத்தைக் கட்டுப்படுத்தும் நான்காவது பின் இல்லாததால் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் பயாஸ் என்ற செட்டிங் பக்கத்தில் அமைப்பை மாற்றி வேகத்தைக் குறைத்தோம். சத்தம் அடங்கியது, ஆனால் கால் மணி நேரத்தில் வெப்பம் 97 டிகிரி. 100 டிகிரி இந்த பிராசஸரின் எல்லை.

மறுபடி கழற்றினோம். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்தத் தடவும் பேஸ்ட் ஒரு ஓரத்தில் மட்டும் நசுங்கியிருந்தது, மறு பாதி வைத்தபடியே இருந்தது. கூலரைப் போர்டில் பிடித்து வைக்கும் பிராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், துளைகளை யாரோ அரத்தால் ராவி அகலப்படுத்தியிருக்கிறார்கள்! பிளாஸ்டிக் பிசிறு கூடப் போகவில்லை. பிராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். பழைய 1200 சாக்கெட்டில் துளைகளுக்கு நடுவே 75 மில்லிமீட்டர் இடைவெளி, என் போர்டின் 1700 சாக்கெட்டில் 78. உயரமும் புதியதில் குறைவு, அதனால் எவ்வளவு இறுக்கினாலும் கூலர் சரியாக அழுத்தி உட்காராது. தெரிந்தேதான் கொடுத்திருக்கிறார். அந்தக் கறுப்பு ஒயரும் பெட்டியில் இல்லை. மின்னழுத்தத்தைக் குறைத்து ஃபேனை மெதுவாகச் சுற்ற வைக்கும் ஒயர் அது என்று தம்பி சொன்னான்.

முதல் போனில், "ரெண்டு நாள் ஓடட்டும்க்கா, பேரிங் செட் ஆயிடும்." நேரில் போனபோது ஓனர் கோயம்புத்தூர் போயிருப்பதாகக் கடைப் பையன் சொன்னான். இரண்டாவது தடவை, "டீலருக்கு அனுப்பிக் கேட்கிறோம்." நேற்று அக்கா போய் மேடம் ஆகிவிட்டேன். "பேஸ்ட் தடவிட்டீங்க மேடம், இனி எடுக்க மாட்டோம். இந்த மலைக் குளிருக்கு ஃபேனே தேவையில்லையே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். குளிர் இருப்பது உண்மைதான். ஆனால் கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஆறில் ஒரு பங்கு போலக் குறைவு. அதே வேகத்தில் சுற்றினாலும் ஃபேன் கொண்டுபோகிற சூடு குறையும். அப்புறம், கூலர் பிராசஸரோடு ஒட்டி உட்கார வேண்டியது எந்த ஊரானாலும் ஒன்றுதான். 4,850 ரூபாய் வாங்கியவருக்கு இது தெரியாதா?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு இல்லை. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபல் பெரும்பாலும் குறைந்த வேகத்துக்கானது, காற்றின் அளவு உச்ச வேகத்துக்கானது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். அதனால் பெரிய ஹீட் சிங்க் (சூட்டை உறிஞ்சும் உலோகப் பகுதி), 120 மில்லிமீட்டர் ஃபேன், நான்கு பின் இருப்பதாகப் பார்த்து வாங்கி மெதுவாகச் சுற்ற விடுங்கள். சூடே இல்லாமல் கையில் பிடித்துக் காட்டுகிற சத்தத்தை நம்பாதீர்கள். சாக்கெட் எண் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்டிமேட் சீட்டு வேண்டாம், பில் கேளுங்கள், 18 சதவீதம் போனால் போகட்டும்.

நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். கையில் இருப்பது அந்தச் சீட்டும், ராவின பிராக்கெட்டின் போட்டோவும்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகம் நான்காம் பாடத்தோடு நிற்கிறது.