புற ஊதா எல்இடி நீர்ச் சுத்திகரிப்புக் கலம்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

குடிநீரில் உள்ள கிருமிகளை அழிக்கப் பல ஆண்டுகளாக வைத்திருந்த 16 வாட் பாதரசப் புற ஊதா விளக்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் எல்இடி வகைக் கலம் ஒன்றைப் பொருத்தி எட்டு மாதங்கள் ஆகின்றன. அட்டைப்பெட்டியின் மேல் 'உயர் செயல்திறன்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளே இருந்த விவரத் தாளின்படியோ, 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது 18 வாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, 275 நானோமீட்டர் அலைநீளத்தில் வெறும் 600 மில்லிவாட் கதிரை இது தருகிறது. கணக்கிட்டால் 3.3 சதவீதம். பழைய விளக்கோ தான் வாங்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை 254 நானோமீட்டர் கதிராக மாற்றிக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது.

இதற்காகத் தயாரிப்பாளரை மட்டும் நொந்துகொள்ள முடியாது. அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த நீல எல்இடியின் வழிவந்த நல்ல சில்லுகள், இன்று மின்சாரத்தில் பாதிக்கு மேல் ஒளியாக்குகின்றன. அதே காலியம் நைட்ரைடு குடும்பப் பொருளில் இண்டியத்துக்குப் பதிலாக அலுமினியத்தைக் கூட்டிப் புற ஊதாவுக்கு நகரும்போதுதான் தொல்லைகள் தொடங்குகின்றன: சஃபையர் தட்டின் மீது படிகம் குறையின்றி வளர்வதில்லை, எலக்ட்ரானோடு சேர்ந்து கதிரை உண்டாக்கும் நேர்மின் வெற்றிடங்களான மின்துளைகள் போதிய அளவில் உருவாவதில்லை, மின் இணைப்புக்காக மேலே இடப்படும் காலியம் நைட்ரைடு அடுக்கு, உள்ளே பிறந்த கதிரில் கணிசமான பகுதியைத் தானே விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவதெல்லாம் வெப்பம்.

அந்த வெப்பத்தைக் கையாண்ட விதத்தில் இந்தக் கலத்தை வடிவமைத்தவர்களைப் பாராட்ட வேண்டும். சூடேறினால் எல்இடியின் கதிர் குறையும் என்பதால், உள்ளே வரும் தண்ணீரையே சில்லுகள் பதித்த தட்டின் பின்புறமாக ஓடவிட்டுக் குளிர்விக்கிறார்கள். கலத்தின் உட்சுவரும் துருப்பிடிக்காத எஃகாக இல்லாமல், புற ஊதாவை நன்றாகத் திருப்பி அனுப்பும் வெண்ணிற டெஃப்லான் வகைப் பொருளால் ஆனது. கிடைக்கும் சொற்பக் கதிரும் சுவரில் பலமுறை பட்டுத் திரும்பி வேலை செய்கிறது.

ஆனாலும் என் மின்செலவு குறைந்ததற்கு உண்மையான காரணம் வேறு. பாதரச விளக்கு முழுத் திறனை அடையச் சிறிது நேரம் எடுக்கும்; அடிக்கடி அணைத்து ஏற்றினால் மின்முனைகள் தேய்ந்துவிடும். ஆகவே நாள் முழுவதும் எரியவிட்டு, 384 வாட்-மணி செலவழித்து வந்தேன். தண்ணீர் ஓடும்போது மட்டும் உடனே எரியும் புதிய கலம், எங்கள் வீட்டில் நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிடம் இயங்கி 12 வாட்-மணியோடு நின்றுவிடுகிறது. காலையில் முதல் குவளைத் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதும் நின்றுபோனது. இடைவிடாமல் தண்ணீர் ஓடும் இடத்துக்கு இதே கலத்தை வாங்குபவர் ஏமாந்து போவார். அங்கே பாதரச விளக்கே இன்னமும் சிக்கனம்.

பெரிய குறை ஒன்று உண்டு. உள்ளே கதிரின் அளவை அறியும் உணரி இல்லை. வெளியே எரியும் பச்சை விளக்கு மின்சாரம் பாய்வதை மட்டுமே காட்டுகிறது. காலப்போக்கில் சில்லுகளின் கதிர் தேய்ந்தாலும் அது பச்சையாகவே இருக்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டபோது, "கண்ணாடித் துளை வழியே ஊதா நிறம் தெரிகிறதே, போதாதா?" என்றார்கள். 275 நானோமீட்டர் கதிர் கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற ஊதா, கிருமியைக் கொல்லும் கதிர் அன்று.